மங்கி ஐலண்ட்: விழுந்து விழுந்து சிரித்தவர்களே ஏன் கொதித்தார்கள்?

பெரம்பூரிலோ தண்டையார்பேட்டையிலோ இருபது வயதில் இருக்கும் ஒருவர், கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் சலுகை விலை பார்த்து ‘தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்’ வாங்குகிறார். நகைச்சுவை கேம் என்றால் இதுதான் என்று போகிற இடமெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். முக்கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால், கையில் ஒரு ரப்பர் கோழியும் ஒரு மீனும் வைத்துக்கொண்டு, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் ஒரே தெருவை ஏழாவது முறையாகச் சுற்றிக்கொண்டிருக்கிறார். மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினால் குழப்பம் இன்னும் கூடுகிறது. ஒரே ரசிகர் முதல் பாகத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார், இரண்டாம் பாகத்தின் முடிவைத் திட்டுகிறார், 2022இல் வந்த பாகத்தின் படங்களைப் பார்த்துக் கொதிக்கிறார், அதையே ஆடி முடித்துவிட்டுக் கண் கலங்கியதாகவும் எழுதுகிறார்.

இதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. இந்த கேம் தன்னை ஆடுபவருக்குச் சில வாக்குகளைக் கொடுத்தது. அந்த வாக்கு தவறியதாக ரசிகர்கள் நினைத்த இடங்களில்தான் ஒவ்வொரு முறையும் கோபம் வெடித்தது. அந்த இடங்களை வரிசையாகப் பார்க்கலாம். கதை முடிவுகளும் கீழே உடைத்துச் சொல்லப்படுகின்றன. இன்னும் ஆடாதவர்கள் ‘பெட்டிக்குள் டி-ஷர்ட்’ என்ற பகுதியைத் தாண்டிப் போகலாம்.

முதலில், இது என்ன மாதிரி கேம்?

1990இல் அமெரிக்காவின் லூகாஸ்ஃபிலிம் கேம்ஸ் வெளியிட்டது. தலைமை ரான் கில்பர்ட். அவரோடு எழுதியவர்கள் டிம் ஷேஃபரும் டேவ் கிராஸ்மனும். கரீபியன் கடலில் மிலே என்ற தீவு. கைபிரஷ் த்ரீப்வுட் என்ற ஒல்லிப் பையன் வந்து இறங்கி, “நான் கடற்கொள்ளையன் ஆகணும்” என்கிறான். வாள்சண்டை, திருட்டு, புதையல் வேட்டை என்று மூன்று சோதனைகள் வைக்கிறார்கள். தீவின் கவர்னர் எலைன் மார்லி. அவள் மேல் ஒரு கண் வைத்திருக்கும் பேய்க் கொள்ளையன் லெச்சக்.

இந்த வகைக்கு அட்வென்சர் கேம் என்று பெயர். விரல் வேகத்துக்கு இங்கே வேலை இல்லை. திரையின் மேல்பாதியில் காட்சி இருக்கும். கீழே ‘எடு’, ‘கொடு’, ‘திற’, ‘தள்ளு’, ‘பேசு’ போன்ற வினைச்சொற்கள் இருக்கும். ஒரு சொல்லைச் சொடுக்கி, பிறகு ஒரு பொருளைச் சொடுக்கினால் கைபிரஷ் அதைச் செய்வான். அதற்கு முன் வந்த பல கேம்களில் கட்டளையை எழுத்தெழுத்தாகத் தட்ட வேண்டும். நாம் தட்டும் சொல் கேமுக்குத் தெரியவில்லை என்றால் அங்கேயே நிற்க வேண்டியதுதான். 1987இல் ‘மேனியாக் மேன்ஷன்’ என்ற கேமுக்காகக் கில்பர்ட் உருவாக்கிய ஸ்கம் என்ற மென்பொருள் அந்தத் தொல்லையை ஒழித்தது. மங்கி ஐலண்டும் அதன் மேல்தான் கட்டப்பட்டது.

கொடுத்த வாக்குகள்

அன்றைய அட்வென்சர் கேம்களில் தப்பான கதவைத் திறந்தால் சாவு. படியில் ஒரு அடி தள்ளி வைத்தால் சாவு. அதைவிடக் கொடுமை, முதல் காட்சியில் எடுக்காமல் விட்ட ஒரு சாவி பத்து மணி நேரம் கழித்துத் தேவைப்படும். திரும்பிப் போக வழி இருக்காது. 1989இல் கில்பர்ட் இந்த வழக்கங்களை எல்லாம் கிழித்து ஒரு கட்டுரை எழுதினார். அதில் சொன்னதை அடுத்த வருடம் கேமாகச் செய்து காட்டினார் என்றே சொல்லலாம். மங்கி ஐலண்ட் ஆடுபவருக்குக் கொடுத்த வாக்குகள் இவை:

1. உன்னைச் சாகடிக்க மாட்டேன்.
2. திரும்ப முடியாத முட்டுச்சந்தில் உன்னை விட மாட்டேன்.
3. விடைக்கான துப்பு கேமுக்குள்ளேயே எங்கேயாவது இருக்கும்.
4. கேலி செய்தாலும், உன்னோடு சேர்ந்துதான் சிரிப்பேன்.

முதல் வாக்கை வைத்தே கேம் விளையாட்டுக் காட்டுகிறது. ஒரு மலை விளிம்பில் நின்றால் பாறை சரிந்து கைபிரஷ் கீழே விழுவான். செத்துவிட்டாய், சேமித்த இடத்திலிருந்து தொடங்கு என்பது போல ஒரு பெட்டி வரும். மற்ற கேம்களில் அந்தப் பெட்டியைப் பார்த்து நொந்தவர்களுக்கு வயிறு ஒரு நொடி கலங்கும். அடுத்த நொடி கைபிரஷ் துள்ளி மேலே வந்து நிற்பான்; கீழே இருந்தது ரப்பர் மரமாம்.

இன்னொரு இடத்தில் கனமான சிலையோடு கட்டிக் கடலுக்குள் தள்ளிவிடுகிறார்கள். சுற்றிலும் கயிற்றை அறுக்கத் தோதான பொருட்கள் கிடக்கின்றன; எல்லாமே கைக்கு எட்டாத தூரம். பத்து நிமிடம் மூச்சடக்கத் தெரியும் என்று இந்தப் பையன் தொடக்கத்திலேயே பெருமை அடித்திருப்பான். அந்தப் பத்து நிமிடமும் கத்தியையும் வாளையும் சொடுக்கிச் சொடுக்கி ஓய்ந்துபோனவர்கள் உண்டு. விடை: சிலையைத் தூக்கிக்கொண்டு நடந்து வெளியே வருவது. கேமில் ‘எடு’ என்ற சொல் முதலிலிருந்தே கண்ணெதிரே இருந்தது. இந்த இடத்தில் யாரும் கோபப்படுவதில்லை, தலையில் அடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். பத்து நிமிடம் முழுக்கக் காத்திருந்தால் உண்மையிலேயே மூழ்கிச் சாவான் என்பது வேறு விஷயம். எச்சரித்துவிட்டுச் சாகடிப்பதால் அதையும் நகைச்சுவைக் கணக்கில் எழுதிவிட்டார்கள்.

வாய்ச்சண்டை: கானா கேட்டு வளர்ந்தவர்களுக்குச் சட்டென்று புரியும்

வட சென்னையில் போட்டி கானா கேட்டவர்களுக்கு ஒரு விதி தெரியும். எதிராளி வீசிய சொல்லை அப்படியே பிடித்து அவன் மேலேயே திருப்பி வீசினால்தான் கைதட்டு. சும்மா உரக்கத் திட்டுகிறவனுக்கு மரியாதை கிடையாது. தஞ்சாவூர்ப் பக்கம் லாவணியில் எரிந்த கட்சியும் எரியாத கட்சியும் மோதிக்கொள்வதும் ஏறக்குறைய இதே விதியில்தான்.

மங்கி ஐலண்டின் வாள்சண்டை அப்படியே இதுதான். இரண்டு பேர் வாளைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். வெற்றியைத் தீர்மானிப்பது வாய். ஒருவன் வசை சொல்வான், மற்றவன் பொருத்தமான பதில் சொல்ல வேண்டும். சரியான பதில் என்றால் முன்னேறலாம், அடுத்த வசை சொல்லும் முறையும் நமக்கு. தப்பினால் பின்வாங்க வேண்டும். ஆரம்பத்தில் நமக்குத் தெரிந்த பதில்கள் படு மொக்கையாக இருக்கும். ஆகவே தோற்க வேண்டும். தோற்கும்போது எதிராளியின் வசையைக் கற்றுக்கொள்கிறோம். அதை அடுத்தவனிடம் வீசி, அவன் சொல்லும் பதிலையும் கற்றுக்கொள்கிறோம். இந்த வசைகளை எழுத நாவலாசிரியர் ஆர்சன் ஸ்காட் கார்டும் கை கொடுத்திருக்கிறார்.

எல்லாரும் நினைவில் வைத்திருப்பது ஒரு ஜோடி. “மாட்டுக்காரன் மாதிரி சண்டை போடுற!” என்பது வசை. “பொருத்தம்தான், நீ மாடு மாதிரி சண்டை போடுற” என்பது பதில். சேர்த்த பதில்களோடு தீவின் வாள் ஆசானிடம் போனால், அந்த அம்மாள் வேறு வசை வைத்திருக்கிறார்: “உன் உடம்பிலிருந்து ஒரு சொட்டு விடாமல் ரத்தத்தைக் கறந்துவிடுவேன்!” இதற்குப் புதுப் பதில் கிடையாது. பழைய மாட்டுப் பதிலே பொருந்த வேண்டும், பொருந்துகிறது. கறப்பதென்றால் மாடு!

மனப்பாடம் செய்தவன் இங்கே தடுமாறுவான், நகைச்சுவையைப் புரிந்துகொண்டவன் ஜெயிப்பான். சிரிப்பே புதிராகவும் சிரிப்பே விடையாகவும் இருக்கும் இடம் இது. முப்பது வருடம் கழித்தும் ரசிகர்கள் முதலில் சொல்வது இந்தக் காட்சியைத்தான் என்றால் காரணம் ஏக்கம் மட்டுமல்ல. வேலைப்பாடு அவ்வளவு கச்சிதம்.

முதல் சிக்கல்: மரக்கட்டை

கேம் ஃப்ளாப்பி டிஸ்க்குகளில் வந்த காலம். பாதியில் “அடுத்த டிஸ்க்கைப் போடு” என்று கேட்பது அன்றாடம். மிலே தீவின் காட்டில் ஒரு வெட்டுண்ட மரத்தின் அடிக்கட்டை இருக்கிறது. அதைப் பார்க்கச் சொன்னால், உள்ளே சுரங்கப்பாதைக்கு வழி இருப்பதாகக் கைபிரஷ் வியப்பான். உடனே 22ஆம் டிஸ்க்கைப் போடச் சொல்லும். பிறகு 36, பிறகு 114. பெட்டியில் இருந்த டிஸ்க்குகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். கடைசியில் “சரி, இந்தப் பகுதியை விட்டுவிட்டுப் போவோம்” என்று கைபிரஷ் நகர்ந்துவிடுவான்.

பலருக்குச் சிரிப்பு வந்தது. வேறு பலர் டிஸ்க் காணவில்லை என்று உதவி எண்ணுக்குத் தொலைபேசினார்கள். அவர்களை ஏமாளிகள் என்று சொல்லிவிட முடியாது. மற்ற நகைச்சுவை எல்லாம் கதாபாத்திரத்தின் வாயிலிருந்து வந்தது. இது மட்டும் கணினி பேசும் குரலில் வந்தது. காசு கொடுத்து வாங்கியவன் அதை நம்பத்தான் செய்வான். நான்காவது வாக்கு இங்கே லேசாகக் கீறல் விட்டது. சிடி பதிப்பில் இந்த நகைச்சுவையை எடுத்துவிட்டார்கள். 1991இல் வந்த இரண்டாம் பாகத்தில், காட்டுக்குள் இருக்கும் ஒரு தொலைபேசியில் கைபிரஷ் அதே உதவி எண்ணைக் கூப்பிடுவான். அந்த மரக்கட்டையைப் பற்றிய பேச்சும் அங்கே வரும்.

இரண்டாவது சிக்கல்: குரங்கும் பைப் ரெஞ்சும்

இரண்டாம் பாகத்தில் ஒரு அருவி வழியை மறைக்கிறது. அருவிக்கு மேலே ஒரு பம்ப். அதன் வால்வைத் திருகினால் தண்ணீர் நிற்கும். ஆனால் கையால் திருக முடியாது. விடை வேறொரு தீவில் இருக்கிறது. அங்கே மதுக்கடையில் ஜோஜோ என்ற குரங்கு பியானோ வாசித்துக்கொண்டிருக்கும். பியானோ மேல் தாளத்துக்கு ஆடும் மெட்ரோனோம். அதன் முள்ளில் வாழைப்பழத்தை மாட்டினால், பழம் இப்படியும் அப்படியும் ஆடுவதைப் பார்த்துப் பார்த்துக் குரங்கு மயங்கி விறைத்துப்போகும். விறைத்த குரங்கை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்து, அதையே கருவியாக வைத்து வால்வைத் திருக வேண்டும்.

ஏன் குரங்கு? அமெரிக்காவில் வால்வு திருகும் ஒரு கருவிக்கு மங்கி ரெஞ்ச் என்று பெயர். அவ்வளவுதான் துப்பு. மண்ணடி ஹார்டுவேர் கடையில் பைப் ரெஞ்ச் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள், எந்த நம்பர் ஸ்பேனர் கேட்டாலும் கொடுப்பார்கள். அந்தப் பேச்சுவழக்கில் குரங்குக்கு எங்கே இடம்? பிரிட்டனிலும் ஸ்பேனர் என்ற சொல்தான் புழக்கம். அங்கே இருந்தவர்களும் இதே இடத்தில் திண்டாடினார்கள். பெயரில் குரங்கே இல்லாத மொழிகளுக்குப் பெயர்த்தவர்கள் பாடு இன்னும் திண்டாட்டம். இந்தப் புதிர் சரியில்லை என்று பிற்காலத்தில் கில்பர்டே ஒப்புக்கொண்டார்.

சொல்விளையாட்டே கூடாது என்று இதற்குப் பொருளில்லை. முதல் பாகத்தின் மீனை எடுத்துக்கொள்ளுங்கள். மதுக்கடை சமையலறையின் பின்பக்கம் கடலை ஒட்டிப் பலகை மேடை. மீனை எடுக்கப் போனால் கடல்பறவை கொத்தும். ஆடும் பலகையை மிதித்து மிதித்துப் பறவையை விரட்டிவிட்டு எடுக்க வேண்டும். அதன் பெயர் ரெட் ஹெர்ரிங், சிவப்பு மீன். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குக் கவனத்தைத் திசைதிருப்பும் வெற்று விஷயம் என்றும் பொருள். பாலத்தை மறிக்கும் பூதம், “கவனத்தை இழுக்கணும், ஆனா எந்த முக்கியத்துவமும் இருக்கக் கூடாது, அப்படி ஒண்ணு கொடு” என்று கேட்கும். ஆங்கில மரபுச்சொல் தெரியாதவருக்கும் பூதம் பொருளைச் சொல்லிவிட்டது. கையில் இருப்பதும் நாலைந்து சாமான்தான். ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்தாலும் வேலை முடிந்துவிடும். இதுவும் சிலேடை, அதுவும் சிலேடை. இதில் துப்பு கேமுக்குள் இருக்கிறது, அதில் அமெரிக்கப் பட்டறையில் இருக்கிறது. மூன்றாவது வாக்கு முறிந்தது அங்கேதான்.

பெட்டிக்குள் டி-ஷர்ட்

இரண்டாம் பாகத்தின் கடைசியில் கைபிரஷும் லெச்சக்கும் திடீரென்று பொருட்காட்சிக்கு வந்த இரண்டு சிறுவர்களாகிவிடுகிறார்கள், அண்ணன் தம்பியாக. அப்படியானால் இதுவரை பார்த்தது எல்லாம் பிள்ளைகளின் விளையாட்டா, அல்லது லெச்சக்கின் மாந்திரீகமா? கில்பர்ட் நிறுவனத்தை விட்டு விலகினார்; பதில் வரவில்லை. 1997இல் மற்றவர்கள் செய்த மூன்றாம் பாகம் மாந்திரீகம் என்று ஒருவாறு சமாளித்துக் கதையைத் தொடர்ந்தது. 2000இல் வந்த நான்காம் பாகம் மவுஸையே எடுத்துவிட்டு விசைப்பலகையில் நடக்கவிட்டது. குரங்குச் சண்டை என்று காகிதம்-கத்தரி-கல் பாணியில் ஒன்றைக் கொண்டுவந்தது. எந்த நிலை எதை வெல்லும் என்று பேப்பரில் எழுதி வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் திரும்பத் திரும்ப ஆட வேண்டும். சொல் இல்லை, சிலேடை இல்லை, பட்டியல்தான் உண்டு. தொடரில் அதிகம் வெறுக்கப்பட்ட பகுதி இது; வெறுப்பு நியாயமானதே.

கில்பர்ட் திரும்பி வந்தது 2022இல், டேவ் கிராஸ்மனோடு. ‘ரிட்டர்ன் டு மங்கி ஐலண்ட்’ இரண்டாம் பாகம் முடிந்த அதே பொருட்காட்சியில் தொடங்குகிறது. முப்பத்திரண்டு வருடமாகப் பெயரிலேயே இருந்த ‘ரகசியம்’ கடைசியில் ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. திறந்தால், ரகசியத்தைக் கண்டுபிடித்ததற்குக் கிடைத்தது இந்த அசட்டு டி-ஷர்ட் மட்டும்தான் என்று எழுதிய டி-ஷர்ட்.

எதிர்வினை இரண்டாகப் பிளந்தது. இவ்வளவு காலம் காக்க வைத்துக் கையில் துணியைக் கொடுத்தார்கள் என்றது ஒரு பக்கம். மறுபக்கம், 1990இல் முதல் பாகத்தின் புதையல் சோதனையில் குழி தோண்டியபோது கிடைத்ததும் இதே மாதிரி டி-ஷர்ட்தான் என்று நினைவூட்டியது. வாக்கு தவறியதாக இதைச் சொல்ல முடியாது. முதல் நாளே காட்டிய சீட்டைத்தான் கடைசியிலும் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். அது பிடிக்கவில்லை என்று சொல்ல யாருக்கும் உரிமை உண்டு.

2022 படச் சண்டை: உண்மையில் எதைப் பற்றியது?

அந்தப் பாகத்தைக் கில்பர்ட் அறிவித்ததே 1 ஏப்ரல் 2022 அன்று. முட்டாள்கள் தினம் என்பதால் பலர் நம்பவில்லை. மூன்று நாள் கழித்து டீசர் வந்ததும்தான் நம்பினார்கள். ஜூன் கடைசியில் டிரெய்லர் வந்தது. கலை இயக்குநர் ரெக்ஸ் க்ரோல் வரைந்திருந்த பாணி, கோணல்மாணலாக வெட்டி ஒட்டிய கதைப்புத்தகம் போல இருந்தது. ரசிகர்களில் ஒரு கூட்டம் கொதித்தது. விமர்சனம் தனிப்பட்ட வசையாக மாறியதும், கில்பர்ட் தன் தளத்தில் பின்னூட்டங்களை மூடிவிட்டார்.

இதைப் புரிந்துகொள்ள மூன்று விஷயம் வேண்டும்.

1. 2013இல் அவரே, மீண்டும் ஒரு மங்கி ஐலண்ட் செய்தால் பழைய பாணி, குறைந்த தெளிவுத்திறன் படங்களோடுதான் செய்வேன் என்று எழுதியிருந்தார். அவருக்கு அது அன்றைய ஆசை. ரசிகர்கள் அதைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டார்கள். 2017இல் ‘திம்பிள்வீட் பார்க்’ கேமை அந்தப் பாணியிலேயே செய்து முடித்தபின் அவருக்கு அந்தத் தாகம் தீர்ந்துபோயிருக்கலாம். ரசிகர்களுக்குத் தீரவில்லை.

2. ‘அசல் தோற்றம்’ என்று ஒன்று கிடையாது. 1990இல் முதலில் வந்தது 16 நிறப் பதிப்பு. 256 நிறப் பதிப்பு பிறகு வந்தது. இரண்டிலும் முகங்களின் அண்மைக்காட்சிகளே வேறு வேறு. இரண்டாம் பாகத்தின் பின்னணிகள் தாளில் தூரிகையால் வரைந்து ஸ்கேன் செய்தவை. மூன்றாம் பாகம் கார்ட்டூன், நான்காவது முப்பரிமாணம். 2009 மறுபதிப்பில் கைபிரஷின் தலைமுடியைக் கண்டு எழுந்த கேலி தனிக்கதை.

3. நினைவில் இருக்கும் படமும் இன்று திரையில் தெரியும் படமும் ஒன்றல்ல. பழைய கேமின் படம் 320 புள்ளி அகலம், 200 புள்ளி உயரம். அன்றைய மானிட்டர் 4:3 விகிதம் என்பதால் ஒவ்வொரு புள்ளியும் 1.2 மடங்கு உயரமாக நீண்டது. கண்ணாடிக் குழாய்த் திரையில் ஓரங்கள் மங்கி ஒன்றோடொன்று கலந்தன. இன்றைய எல்சிடி திரையில் புள்ளி சதுரம். திருத்தாமல் ஓட்டினால் கைபிரஷ் குட்டையாக, சப்பையாகத் தெரிவான். ஓரங்கள் படிக்கட்டு மாதிரி வெட்டும்.

கடைசி விஷயத்துக்கு மருந்து இருக்கிறது. பழைய ஸ்கம் கேம்களை இன்றைய கணினியிலும் போனிலும் ஓட்ட, 2001 முதல் ஸ்கம்விஎம் என்ற இலவசத் திறமூல மென்பொருள் உண்டு. அதன் பட அமைப்புகளில் விகிதத் திருத்தம் என்பதை இயக்கினால் 200 வரிகள் 240 ஆக நீளும். படம் மீண்டும் 4:3 ஆகும். கேம் கோப்புகளை நாம்தான் வாங்கி வைத்திருக்க வேண்டும். திருட்டுக்கு அன்றே ஒரு பூட்டு போட்டிருந்தார்கள்: பெட்டிக்குள் இரண்டு அடுக்கு அட்டைச் சக்கரம். திரையில் ஒரு கொள்ளையன் முகம் வரும். சக்கரத்தைச் சுழற்றி அவன் நெற்றியையும் தாடையையும் பொருத்தி, துளையில் தெரியும் வருடத்தைத் தட்டினால்தான் ஆட்டம் தொடங்கும். கடற்கொள்ளையர் கேமைக் கொள்ளையடிக்க விடாமல் காக்கக் கொள்ளையன் முகம்! பர்மா பஜாரின் சிடி அடுக்குகளைப் பார்த்து வளர்ந்த ஊருக்கு இந்தக் கிண்டலை விளக்க வேண்டியதில்லை.

இன்று ஆடுகிறவர்கள் எங்கே சிக்குகிறார்கள்?

வண்ணாரப்பேட்டை பிரவுசிங் சென்டர்களில் இந்த வகை கேம் எடுபடாததற்குக் காரணம் எளிது. மணிக்கு இவ்வளவு என்று காசு ஓடும் இடத்தில், இருபது நிமிடம் திரையை முறைத்துப் பார்த்து யோசிக்க யாருக்கு மனம் வரும்? பந்தயமோ சுடுவதோ என்றால் காசுக்குப் பொருள் உண்டு. வீட்டில் கணினி வந்தபின் நிலைமை மாறியது. அதோடு விடையை யூடியூபில் பார்த்துவிடும் பழக்கமும் வந்தது. பார்த்த விடையில் சிரிப்பு வராது. வசைச்சண்டையையோ சிலையையோ யோசித்துப் பாருங்கள்.

விடையைத் தேடுமுன் செய்ய வேண்டியவை:

1. வரிசை: முதல் பாகம், இரண்டாம் பாகம். இரண்டும் சிறப்புப் பதிப்பாகக் கிடைக்கின்றன. ஒரு பொத்தானில் பழைய படத்துக்கும் புதிய படத்துக்கும் மாறலாம். முதல் பாகத்தில் பழைய படத்துக்கு மாறினால் குரல் போய்விடும். இரண்டாம் பாகத்தில் பழைய படத்தோடும் குரல் வரும். இவை முடித்தபின் 2022 பாகம். மூன்றாம் பாகத்தை நடுவில் ஆடினால் நட்டமில்லை, நல்ல கேம்.
2. பையில் உள்ள ஒவ்வொரு பொருளையும் ‘பார்’ கொடுத்துப் படிக்கவும். துப்பு பெரும்பாலும் அந்த ஒற்றை வரியில் இருக்கும்.
3. சொன்னது அப்படியே கிடைக்காவிட்டால் ஈடாக எது பொருந்தும் என்று யோசிக்கவும். கப்பலில் ஒரு மாந்திரீகக் கஷாயம் காய்ச்ச வேண்டும். பட்டியல் மண்டையோடு கேட்கும். கப்பலில் இருப்பது மண்டையோடு வரைந்த கொடி. கோழி கேட்கும், நம்மிடம் இருப்பது ரப்பர் கோழி. அண்டாவில் போடுங்கள், வேலை செய்யும்.
4. எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் உரசிப் பார்ப்பது கடைசி வழி. பத்துப் பொருள் சேர்ந்தபின் சேர்க்கைகள் பெருகிவிடும். கை வலிக்கும், கதை மறந்துபோகும்.
5. 2022 பாகத்தில் எளிய முறை, கடின முறை என்று இரண்டு உண்டு. குறிப்புப் புத்தகமும் கேமுக்குள்ளேயே இருக்கிறது. அது விடையை ஒரேயடியாகப் போட்டு உடைக்காமல் படிப்படியாக அவிழ்க்கும். முதல் குறிப்போடு மூடிவிடுவது நல்லது.

முதல் பாகத்தில் புதியவர்கள் அதிகம் மாட்டுவது வாள் ஆசானின் இடத்தைக் கண்டுபிடிக்கும் கட்டத்தில். அந்த அம்மாள் வீடு காட்டுக்குள் எங்கோ இருக்கிறது. காட்டுப் பாதைகளைக் கண்டபடி சுற்றிப் பயனில்லை. கடைக்காரக் கிழவரிடம் வாள் ஆசானைப் பற்றிக் கேட்க வேண்டும். அவர் தானே போய்க் கேட்டுவருவதாகச் சொல்லிக் கடையை விட்டுக் கிளம்புவார். அவர் பின்னாலேயே, தெரு தாண்டி, தீவின் வரைபடம் தாண்டி, காட்டின் ஒவ்வொரு பிரிவிலும் எந்தப் பக்கம் திரும்புகிறார் என்று பார்த்துக்கொண்டே தொடர வேண்டும். அந்த நேரம் பார்த்து டீ குடிக்க எழுந்து போனால், கிழவர் கண்ணிலிருந்து மறைந்திருப்பார். கடைக்குத் திரும்பி மறுபடி முதலிலிருந்து கேட்க வேண்டியதுதான்.